பெஞ்சிலிருந்த அம்மாமாருக்கு வாசித்தவை

வாசிக்க நல்லதாக ஏதாவது சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. வாசிக்கப்போகிறவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று முதலில் விசாரிப்பேன். கேட்டவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். இந்தப் பழக்கம் எனக்கு இலங்கையின் ரப்பர் மலைப் பக்கம், யட்டியாந்தோட்டை டவுனில் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை பார்த்த காலத்தில் வந்தது.

உயர்தரம் எழுதி, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுபோனேன். வீட்டில் இருந்தால் ரப்பர் பால் வெட்டப் போக வேண்டும். அதற்குப் பயந்துதான் அந்தக் கடையில் சேர்ந்தேன். போட்டோ கொப்பி எடுப்பது, தொலைபேசி அழைப்பு வாங்கிக் கொடுப்பது, இரண்டு கணினிகளைத் துடைத்து வைப்பது என் வேலை. முதலாளி ஒரு முஸ்லிம் மனுஷர். சத்தம் போட்டுப் பேசுவார், ஆனால் மனசு இளகியவர்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை. அன்று காலை பஸ்ஸில், தோட்டத்தின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து அம்மாமார் டவுனுக்கு இறங்குவார்கள். சாமான் வாங்குவது ஒரு சாக்கு. அவர்களுடைய பெண் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். மலைக்கு நடுவே பள்ளத்தில் இருந்த லயங்களில் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. ஆகவே பிள்ளைகள் எல்லோரும் எங்கள் கடை நம்பரைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு விமானம் ஏறினார்கள். சுவரோரம் கிடந்த பெஞ்சில் அம்மாமார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்தால் எல்லாத் தலையும் நிமிரும். ஒருத்தி எழுந்து போவாள், மற்றவர்கள் மறுபடி தரையைப் பார்ப்பார்கள். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு கொப்பி மெஷினில் தாள் போடுவது லேசான காரியம் இல்லை.

"சும்மா குந்தி ஈக்கிற நேரத்துக்கு எதையாச்சும் வாசிச்சுக் காட்டு புள்ள," என்றார் முதலாளி ஒருநாள். "பேப்பர் வேணாம். பேப்பரத் தொறந்தா மய்யத்துதான்."

அவர் சொன்னது சரி. அப்போது மறுபடி சண்டை மூண்டு, பேப்பர் முழுக்கச் சாவுச் செய்திதான். ஆகவே நான் இணையத்தில் தேடினேன். முதல் நாள் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. "என்ன புள்ள, தாயம் வெளையாடுறியா?" என்று முதலாளி எட்டிப் பார்த்தார். தமிழ் எழுத்துருவை ஏற்றிய பிறகு ஒரு உலகமே திறந்தது. பத்திரிகை ஆசிரியர் இல்லை, சம்பளம் இல்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. தமக்குத் தோன்றியதை எழுதி வலைப்பதிவில் போட்டுக்கொண்டு உலகமெங்கும் தமிழர்கள் இருந்தார்கள். வாரம் முழுவதும் கடையில் ஆள் குறைந்த நேரத்தில் வாசித்து, நல்லதாக நாலைந்தைப் பொறுக்கி, கெட்டுப்போன கொப்பித் தாள்களின் பின்பக்கத்தில் அச்செடுத்து வைப்பேன். ஞாயிறு வாசிப்பேன்.

முதலில் எனக்குப் பிடித்த இலக்கியமான பதிவுகளைக் கொண்டுபோய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிரிவுத் துயரம் பற்றி யாரோ உருகி எழுதியதைப் பாதிதான் வாசித்திருப்பேன். "அழுகுறதுக்கு நாங்க பஸ் ஏறி டவுனுக்கு வரணுமா புள்ள?" என்று ஒரு அம்மா கேட்டார். அதற்குமேல் எனக்கு விமர்சகர்கள் தேவைப்படவில்லை.

பிறகு தேர்வு மாறியது. கனடாவில் வாசலில் பனி அள்ளுகிற ஒருவர் தன் முதுகுவலியைப் பற்றி எழுதுவார். "விடியக்காலையில எந்திரிச்சா? அங்கயும் பெரட்டு இருக்கும் போல," என்று, விடியலில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற தங்கள் பெரட்டுக் களத்தில் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். சென்னையில் தனியாக இருந்த ஒரு பையன் ரசம் வைத்துத் தோற்ற கதைகளைத் தொடராக எழுதினான். ஒவ்வொரு வாரமும் அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பார்கள். ஆகவில்லை என்றால் பெஞ்சே வருத்தப்படும். பெஞ்சில் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள அம்மா ஒருவரும் உட்காருவார். அவர் மகளும் அதே மாதிரி போனவள்தான். எல்லோரும் சிரித்தால் "மொகத துவே கியன்னே?" என்று, என்ன மகளே சொல்கிறார்கள் என்று கேட்டு, என் கையைப் பிடிப்பார். நான் சிங்களத்தில் சொல்வேன். அவர் கடைசியாகத் தனியாகச் சிரிப்பார்.

எழுத்துத் தமிழை அப்படியே வாசித்தால் அவர்களுக்கு ரேடியோச் செய்தி மாதிரி இருக்கும். அதனால் வாசிக்கும்போதே எங்கள் பேச்சுக்கு மாற்றிவிடுவேன். கனடாக்காரர், சென்னைப் பையன் எல்லோரும் என் வாயில் தோட்டத்து ஆட்களாகத்தான் பேசினார்கள்.

அப்படித்தான் அந்தப் பெண்ணும் வந்தாள். இலங்கையிலிருந்து வீட்டு வேலைக்குப் போனவள். அவள் கவனித்துக்கொண்ட கிழவியின் பேத்தி தன் கணினியைத் தொட விட்டிருந்தாள். பெயர், ஊர் எதுவும் போடாமல் எழுதினாள். முதலில் நான் வாசித்தது, அவள் சீனியை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடித்ததைப் பார்த்துக் கிழவி பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடச் சொன்ன கதை. பெஞ்சு சிரித்து முடிய வெகுநேரம் ஆனது. முடிந்ததும் ஆளுக்கு ஆள் தங்கள் மகள் அப்படித்தான் குடிப்பாள் என்றார்கள். சிங்கள அம்மாவும் உள்ளங்கையைக் காட்டினார்.

ஓரத்தில் இருந்த ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தோட்டத்தின் மேல் டிவிசனில் பால் வெட்டுகிறவர், நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவர் மகள் போன புதிதில் ஒழுங்காகப் பேசினாள். பிறகு நின்றது நின்றதுதான். அவளை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரனைக் கேட்டால் வீடு மாறிவிட்டாள் என்பான், அடுத்த முறை கேட்டால் ஆளே வெளியில் போயிருப்பான். ஒரு வருசத்துக்கு மேல் ஆகியும் பெரியம்மா ஒரு ஞாயிறும் தவறவில்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று யாரோ ஒருமுறை அவர் காதுபடச் சொன்னார்கள். "கல்லா இருந்தாக்கூடப் பரவாயில்ல," என்றார். "எங்கயாச்சும் கெடக்கும்ல." அவர் மகள் உயிரோடு இருக்கிறாளா என்பதுதான் அவர் கேள்வி. அதை அவர் வாய்விட்டு யாரிடமும் கேட்டதில்லை.

அன்று எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். "இது எம்புள்ளதான். அவ பேசுற மாதிரியேதான் இருக்கு."

அது நான் பேசுகிற மாதிரி என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? மறுநாள் அந்தப் பெண்ணின் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் வாசித்தேன். ஒன்றில், அப்பாவும் ஊராரும் கரைவலை இழுப்பதை மணலில் உட்கார்ந்து பார்த்த சின்ன வயதைப் பற்றி எழுதியிருந்தாள். எங்கள் பிள்ளைகள் கடலைப் பார்ப்பது பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவை, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். இவள் பெரியம்மாவின் மகள் இல்லை. முதலாளியிடம் சொன்னேன்.

"நீயாச் சொல்லாத," என்றார் அவர். "அந்தப் புள்ளக்கே எழுதிக் கேளு. அதுட வாயால வரட்டும்."

பதிவின் கீழே விசயத்தை எழுதிப் போட்டேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து பதிலும் இல்லை, புதுப் பதிவும் இல்லை. ஞாயிறு வந்தால் பெரியம்மா என் கையிலிருக்கும் தாள்களைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். "வேல கூடிருக்கும் பாவம்," என்பார். ரசம் வைத்த பையன் அந்த வாரங்களில் எவ்வளவு முயன்றும் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பதில் வந்தது, ஒரு முழுப் பதிவாக. அதை மட்டும் எங்கள் பேச்சுக்கு மாற்றாமல் எழுதியிருந்தபடியே வாசித்தேன். பெரியம்மாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன்.

'யட்டியாந்தோட்டையில் பெஞ்சிலிருந்து என்னைக் கேட்கும் அம்மாவுக்கு. நான் உங்கள் மகள் இல்லை. இந்த ஒரு வசனத்தை எழுத எனக்கு இத்தனை நாள் எடுத்தது. நான் கிழக்கே கடற்கரைக்காரி. உங்கள் மகளின் பெயரையும் அவர் வந்த நகரத்தின் பெயரையும் தாருங்கள். குப்பை போடக் கீழே இறங்கும்போதுதான் நாங்கள், வேலைக்காரப் பெண்கள், ஒருவரையொருவர் பார்ப்போம். அதை எங்கள் சங்கக் கூட்டம் என்போம். ஒருத்தி சொல்ல மற்றவள் அடுத்த தெருவுக்குக் கொண்டுபோவாள். கட்டாயம் தேடுவோம். என் அம்மா இருந்த ஊரில் சண்டை வந்து சனம் எல்லாம் எழும்பிப் போய்விட்டது. அம்மா எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தக் கூடாரத்தில் இருக்கிறா என்று தெரியவில்லை. கூப்பிட என்னிடம் ஒரு இலக்கமும் இல்லை. நீங்கள் என்னை மகள் என்று நினைத்ததை வாசித்த அன்று நான் வேலை செய்யவில்லை.'

சிங்கள அம்மா கேட்க, மெதுவாகச் சொன்னேன். அவர் கையை நீட்டிப் பெரியம்மாவின் முதுகைத் தடவினார். பெரியம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அழுதுவிடுவார், இல்லாவிட்டால் என்னைத்தான் திட்டுவார் என்று பயந்தேன்.

"எம்மவ பேரு, ஊரு எல்லாம் சொல்றேன், எழுதிப் போடு," என்றார். பிறகு முந்தானையை விட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தப் புள்ளைக்குக் கூப்பிட நம்பர் இல்லன்னுதான சொல்லுது? இந்தக் கடை நம்பரக் குடு. ஞாயித்துக்கெழம நான் இங்கதான ஒக்காந்திருக்கேன்."

எழுதி அனுப்பினேன். குப்பைச் சங்கம் தெருத் தெருவாகத் தேடியது. அவள் அதைப் பற்றி விடாமல் எழுதினாள். ஆனால் நான் அந்தக் கடையை விட்டு வரும்வரை பெரியம்மாவின் மகளைப் பற்றி ஒரு சேதியும் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்த ஏஜென்சிக்காரன் மட்டும் புதுப் போர்டு போட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தான்.

நம்பர் அனுப்பிக் கொஞ்ச நாளில் ஒரு ஞாயிறு, மணி அடித்தது. வழக்கம்போல எல்லாத் தலையும் நிமிர்ந்தது. நான் எடுத்தேன். தெரியாத குரல், எங்கள் பக்கத்துப் பேச்சு இல்லை.

"அங்க பெஞ்சில ஒரு அம்மா இருக்கிறாவா?"

நான் பெரியம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு அவசரமாக வந்தார். வந்தது மகள் என்று நினைத்துவிடுவாரோ என்று எனக்குப் பதறியது. ரிசீவரின் வாய்ப்பக்கத்தைப் பொத்திக்கொண்டு, "பெரியம்மா, இது உங்க மக இல்ல. அந்த எழுதுற புள்ள," என்றேன்.

"தெரியும், குடு," என்று வாங்கிக் காதில் வைத்தார்.

"அம்மாதான் பேசுறேன்," என்றார். "சாப்பிட்டியா?"