கூட்டச் சொன்னால் குறைப்பவர்

தனியார் பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் உட்கார்ந்து, முன்னாலுள்ள கம்பியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் பெரியதம்பி. கம்பி அதிர்ந்தால் எழுந்து போய் ஸ்பீக்கரின் திருகாணியைக் கொஞ்சம் இறுக்குவார். திரும்பவும் வந்து உட்காருவார். மஹய்யாவயில் பஸ்களுக்கும் த்ரீவீலர்களுக்கும் பாட்டு 'செட்' பூட்டுகிறவர் அவர். ஹுன்னஸ்கிரிய பக்கம் போகும் பஸ்ஸில் பைலாத் துள்ளல் பாட்டு கேட்டு உங்கள் நெஞ்சு குலுங்கியிருந்தால், அந்தப் பாவத்தில் அவருக்கும் பங்குண்டு.

பூட்டி முடிந்ததும் சோதித்துப் பார்க்கத் தன் போனிலிருந்து ஒன்றைப் போடுவார். தும், தும் என்று ஒரே சீரான அடி. இடையிடையே கோப்பையில் கரண்டி பட்டாற்போல ஒரு 'டிக்'. அடியில் எங்கேயோ உருளும் கனத்த பேஸ் ஒலி. அவ்வளவுதான். பாடகர் கிடையாது, பல்லவி கிடையாது. அன்றைக்கு ஒரு சாரதி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிளேயரின் மண்டையில் ரெண்டு தட்டுத் தட்டினார்.

"அண்ணே, பாட்டு சிக்கிக்கிட்டு நிக்குதே?"

"சிக்கலைங்க, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அவசரப்படாதீங்க, வரும்."

"என்னா வரும்?"

சற்று நேரத்தில் அந்த 'டிக்' நின்றது. நின்ற பிறகுதான் அது இதுவரை இருந்ததே தெரிந்தது. பார்த்தால், சாரதியின் விரல் ஸ்டியரிங்கைத் தட்டி அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது. மனிதருக்கே அது தெரியாது.

இந்த இசைக்கு மினிமல் டெக் ஹவுஸ் என்று பெயராம். கட்டாரில் ஒரு ஹோட்டலுக்கு வயர் இழுக்கப் போன இடத்தில் பிடித்த பைத்தியம் இது. ஊருக்கு வந்தும் விடவில்லை. மனைவி லோஜினி தலையில் அடித்துக்கொள்கிறார்: "சோத்துப் பானைய அடுப்புல வச்சப்பவும் இதே சத்தம், எறக்குறப்பவும் இதே சத்தம். இது பாட்டா, தண்ணி மோட்டரா?" ஆனால் அவர் வெங்காயம் நறுக்கும் கத்தி எந்தத் தாளத்தில் விழுகிறது என்பதைப் பக்கத்து வீட்டிலிருக்கும் நான் கவனித்திருக்கிறேன். சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கென்ன கிறுக்கா?

பெரியதம்பிக்கு இன்னொரு கோணல் புத்தியும் உண்டு. யாராவது "சத்தத்தக் கூட்டுங்க" என்றால், சிரித்துக்கொண்டே ஒரு இழை குறைத்துவிடுவார். "கூட்டச் சொல்றாருன்னா கேக்க ஆரம்பிச்சிட்டாருன்னு அர்த்தங்க. கொறைச்சா இன்னும் நல்லாக் கேப்பாரு." பஸ்ஸுக்கு இந்தச் சட்டம் செல்லாது. பஸ் சோறு போடுகிறது.

சட்டம் செல்லும் இடம் ஒன்றே ஒன்று. அம்பிட்டியவில் நபீலின் விருந்தினர் விடுதி. ஞாயிறு பின்னேரங்களில் அதன் மேல்மாடியில் தேநீர் குடிக்க வருகிறவர்களுக்கு பெரியதம்பிதான் இசை போடுகிறார். போன வாரம் நபீல் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, வாற ஆக்கள் பாட்டு எப்ப தொடங்கும்டு கேக்குறாங்க. எனக்கும் அதே கேள்விதான் ஈக்கி. இந்த ஞாயித்துக்கெழம பாப்பேன். ஆக்கள் பாதியில எழும்பிப் போனா, நானே பைலா போடுவேன். பொறகு நீங்க வரத் தேவல்ல. கோவிச்சிக்க வாணாம்."

"அந்த ஒரு எடம்தாங்க நமக்கு" என்றார் பெரியதம்பி என்னிடம். "அதுவும் போச்சுன்னா காதுல மாட்டிக்கிட்டு மூலையில கெடக்க வேண்டியதுதான்." சொன்னாரே தவிர, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

ஞாயிறு நானும் போனேன். வழக்கமான தும், தும். ஒரு பெரியவர் எழுந்து வந்து, வயர் கழன்றிருக்கிறதா என்று ஸ்பீக்கரின் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நபீல் பைலா போடத் தன் போனையும் வயரையும் கையில் எடுத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றார். 'ஐயா, இன்றைக்காவது ஒரு பைலாவைப் போட்டுத் தொலையுமேன்' என்று எனக்கு வாய்வரை வந்தது. பெரியதம்பியோ இருக்கிற கொஞ்சத்திலும் அடியையும் பேஸையும் பிடுங்கிவிட்டார். மிச்சம் அந்த 'டிக்' மட்டும்தான்.

மூலை மேசைக் குடும்பம் எழும்பியது. போச்சுடா என்று நினைத்தேன். அவர்கள் கதிரைகளை இழுத்து, மேசையைச் சுற்றி நெருக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். இன்னும் ஒரு சுற்றுத் தேநீர் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்த மேல்மாடியில் ஒருவரும் கத்திப் பேசவில்லை. ஒருவரும் போனைப் பார்க்கவில்லை. அடியும் பேஸும் திரும்பி வந்தபோது சின்னவர் பெரியவர் எல்லாருடைய தலையும் லேசாக ஒருதரம் ஆடியது. ஸ்பீக்கரின் பின்னால் பார்த்த பெரியவரின் செருப்பு தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

நபீல் நேரே பெரியதம்பியிடம் வந்தார். கையிலிருந்த வயரின் நுனி அவர் தொடையில் தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே."

"சொல்லுங்க மொதலாளி."

நபீல் ஒருதரம் மேசைகளைத் திரும்பிப் பார்த்தார். வயரைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் திணித்தார்.

"கொஞ்சம் கூட்டுங்களேன்."

பெரியதம்பி சிரித்துக்கொண்டே குமிழில் இரண்டு விரலை வைத்து, ஒரு இழை குறைத்தார்.