கருவாயனுக்கு ஊசி போட்ட அன்று

காமயகவுண்டன்பட்டியில் சுருளியாண்டியைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. திராட்சைத் தோட்டத்தில் களவாட வந்தவனிடம், "பழம் இன்னும் புளிக்கும்பா, ரெண்டு நாள் கழிச்சு வா" என்று சொல்லி அனுப்புகிற ஆள் என்று டீக்கடையில் அவரைக் கேலி பேசுவார்கள். அவர் அப்படிச் சொன்னதே கிடையாது. சொல்லக்கூடியவர்தான் என்று ஊர் நம்பியதே, அதுதான் அவரை அரித்தது. எழுபத்துநாலாம் வருஷம், மறுபடியும் அறுப்புக்கு முந்தின வாரம் குலைகள் களவு போனதும், கோம்பைக்குப் போய் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்துவிட்டார். செவலை நிறம்; வாயைச் சுற்றி மட்டும் கரி பூசினதுபோல் கறுப்பு. கருவாயன் என்று பேர் வைத்தார்.

கோம்பை நாய் என்றால் புலியையே மறிக்கும் என்று அந்த வட்டாரத்தில் பேச்சு. இதுவோ கண்டவரிடமெல்லாம் வாலாட்டியது. இதுவும் தன்னைப் போலவே வந்து வாய்த்ததே என்று அவருக்கு எரிச்சல். டீக்கடையில் பால்பாண்டி ஒரு வழி சொன்னார்.

"சோத்துல பச்ச மொளகாய அரைச்சுப் போடு. இருட்டுல கட்டு. கம்ப வச்சுக் குத்தி உசுப்பு. ரோசம் தானா வரும்."

சுருளியாண்டி ஒன்றுவிடாமல் செய்தார். தோட்டத்து மோட்டார் ரூமில் கட்டிப்போட்டு, மிளகாய்ச் சோற்றை வைத்தார். குட்டி தின்னும், கண்ணில் நீர் வழியும், பசி பொறுக்காமல் மறுபடி வாய் வைக்கும்.

"பச்சப்புள்ளைக்கு யாராச்சும் மொளகாயக் குடுப்பாகளா?" என்று கேட்டாள் அவர் மனைவி ராஜாத்தி.

"ஒனக்கு நாயப் பத்தி என்ன தெரியும்" என்று அவள் வாயை அடைத்தார். சில நாளில் கம்பைக் கண்டாலே குட்டி உறுமியது. அதைக் கேட்டு மனுஷனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பக்கத்து ஊரில் வெறிநாய் கடித்து ஒருவர் செத்துப்போன சமயம் அது. மாட்டு டாக்டர் ஊருக்கே வந்து, சாவடி முன்னால் நாய்களுக்கும் கோழிகளுக்கும் ஊசி போட்டார். சுருளியாண்டி குட்டியைச் சங்கிலியில் இழுத்துக்கொண்டு போனார்.

"தள்ளுங்கப்பா, கோம்பை நாயி. கடிச்சுப்புடும்."

கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அவருக்காகக் கூட்டம் ஒதுங்கியது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"நீங்களே பிடிச்சுக்குங்க" என்றார் டாக்டர்.

சுருளியாண்டி குனிந்து கையை நீட்டினார். குட்டி உறுமவில்லை. தரையோடு தரையாக ஒட்டி, இருந்த இடத்திலேயே மூத்திரம் போனது. பிறகு சங்கிலி எட்டுமட்டும் ஓடி, கோழிக்கூடையோடு நின்ற பஞ்சம்மாளின் சேலைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. அவளை அது அதற்குமுன் பார்த்தது கூடக் கிடையாது. அவள் அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி குத்தியபோது அது முனகவும் இல்லை.

டாக்டர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். "நாக்கெல்லாம் புண்ணா இருக்கே. என்ன குடுக்குறீங்க?"

"பாலுஞ்சோறுந்தான்யா."

"வாயில மொளகா நெடி அடிக்குதேண்ணே" என்றாள் பஞ்சம்மாள். மனசில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பார், சிரிப்பு அவருக்குப் பழகினதுதான். எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். அந்த நிமிஷம் பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது அவருக்கு.

குட்டி அவரிடம் வர மறுத்துவிட்டது. கடைசியில் பஞ்சம்மாளே வீடுவரை தூக்கிவந்தாள். அவளுடைய கோழிக்கூடையைச் சுமந்துகொண்டு சுருளியாண்டி பின்னால் நடந்தார். எதிரே வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள்.

வீட்டில் தன் கையாலேயே சோற்றைக் குழைத்து, பால் ஊற்றி, தட்டில் வைத்தார். குட்டி தட்டைப் பார்த்தது, அவர் கையைப் பார்த்தது, நெல்குதிருக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. வாயில் எச்சில் ஒழுகியும் வெளியே வரவில்லை. அவர் கொஞ்சநேரம் குந்தியிருந்துவிட்டு எழுந்து தெருவுக்குப் போனார்.

எதிர்வீட்டுக்காரர் கேட்டார்: "என்ன சுருளி, இந்த வெயில்ல வெளிய நிக்கிற?"

"நாயி தின்னுக்கிட்டிருக்கு" என்றார். "நான் உள்ள போனா, திங்காது."