மகளிடம் ஒப்புக்கொடுக்கச் சொன்ன வலி

போன தவக்காலத்தில், பெரிய வெள்ளியன்று, சிலுவைப்பாதையின் நடுவில் என் மகள் ரோஸ்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள். விழும்வரை அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனது நான்தான். "இன்னும் கொஞ்ச தூரந்தான் தாயி, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துக்கிட்டே வா" என்று காதில் சொன்னதும் நான்தான். பிரியமானவர்களே, இதைச் சொன்ன பிறகுதான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டுக்காரர் இறந்த பிறகு எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. குமுளிக்கு மேலே ஏலத்தோட்டம், திருப்பூரில் பனியன் கம்பெனி, மூணாறு பக்கம் தேயிலை. வேலை இல்லாததால் மட்டும் கிளம்பவில்லை. வேலை இருந்த இடத்திலும் மனம் தங்கவில்லை. ரோஸ்லின் சுருளிப்பட்டியில் என் அக்கா லூர்து வீட்டில் வளர்ந்தாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு அக்காவோடு திராட்சைத் தோட்ட வேலைக்குப் போனாள்.

வயதுக்கு வந்த புதிதில் மாதவிலக்கின்போது லேசாக வலிக்கும். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தால் அடங்கிவிடும். பிறகு வருடா வருடம் கூடியது. வாந்தி எடுத்தாள். மாத்திரைக்கும் கேட்கவில்லை. விலக்கு வருவதற்கு முன்பே வலி தொடங்கி, நின்ற பிறகும் இருந்தது. வெளிக்குப் போகும்போதுகூட வலிக்கிறது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். வேலைக்குப் போக முடியாமல் சுருண்டு கிடந்தாள்.

எங்கள் குடும்பங்களில் உடம்புக்கு வலி வந்தால், ஏதாவது ஒரு வேண்டுதல் நிறைவேற அதை ஆண்டவருக்குக் காணிக்கையாக ஒப்புக்கொடுப்போம். அதிலும் தவக்காலத்தில் வருகிற வலியை வீணாக்கக் கூடாது என்பார்கள். திருப்பூரிலிருந்து போனில் மகளுக்கு நான் சொன்ன வைத்தியம் அது ஒன்றுதான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள். கல்யாணமாகாத பிள்ளையைப் பிரசவ டாக்டரிடம் கொண்டுபோனால் ஊர் என்ன பேசும் என்று நான் தடுத்தேன். ஒரு முறை ஊருக்கு வந்து கிளம்பியபோது அக்கா சொன்னாள்: "ஒனக்குக் கால்ல சக்கரம், அவளுக்கு வயித்துல கத்தி. ரெண்டையும் மாதா பாத்துக்கிருவாகன்னு நீ பஸ் ஏறிரு."

நான் பஸ் ஏறினேன்.

நான் ஊருக்கு வந்திருந்த அந்தப் பெரிய வெள்ளியன்று, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் அவளைக் கம்பத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து தேனிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, இடது சினைப்பையில் கட்டி இருந்து வெடித்திருக்கிறது என்றார். கருப்பைக்குள் இருக்கிற சவ்வு போலவே வெளியிலும் வளர்ந்து, மாதா மாதம் அங்கேயும் ரத்தம் கசிந்து கட்டியாகிவிட்டதாம். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், சினைப்பையை எடுக்க வேண்டியிருக்குமா என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்றார்.

பொம்பளைப் பிள்ளைக்கு வலி இருக்கத்தானே செய்யும் என்று நான் இழுத்தேன். "லேசா இருக்கும்மா. வேலைக்குப் போக விடாத வலி, மயக்கம் போட்டு விழுற வலி இருக்கக் கூடாது" என்றார். பிறகு ரோஸ்லினைப் பார்த்து, இத்தனை காலம் ஏன் பொறுத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "எங்கம்மா ஒரு எடத்துல இருக்கணும்னு ஒப்புக்கொடுத்துக்கிட்டு இருந்தேன் டாக்டர்" என்றாள்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே ஜெபமாலையைக் கையில் பிடித்திருந்தேன். ஒரு மணிகூட நகரவில்லை. நேர்ச்சை வைக்கவும் துணிச்சல் வரவில்லை. "ஆண்டவரே, இந்த வலியை நீர் கேட்கவில்லை. நான்தான் உம் பெயரைச் சொல்லி அவளிடம் கேட்டேன். அவளை விட்டுவிடும்" என்று மட்டும் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்து, கட்டியை எடுத்துவிட்டோம், சினைப்பையைக் காப்பாற்றிவிட்டோம் என்றார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நோய் திரும்பவும் வரலாம், மாத்திரையை விடக் கூடாது, சொன்ன தேதிக்கு வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். அப்படியே செய்கிறோம்.

என் சகோதரிகளே, உங்கள் பிள்ளைக்கு விலக்கு நாளில் ஒத்தடத்துக்கும் மாத்திரைக்கும் அடங்காத வலி வந்தால், வர வர அது கூடினால், மற்ற நாளிலும் வலித்தால், துணி மாற்றி மாளாதபடி ரத்தம் போனால், ஜெபம் பண்ணுங்கள். ஆனால் ஜெபித்துக்கொண்டே பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். திடீரென்று தாங்க முடியாமல் வலித்தாலோ, காய்ச்சலும் மயக்கமும் சேர்ந்து வந்தாலோ ஒரு நிமிடம்கூட யோசிக்காதீர்கள். ஊர் வாய்க்குப் பயப்படாதீர்கள். என் ஜெபத்தைக் கேட்ட ஆண்டவர், ஒரு டாக்டரின் கை வழியாகத்தான் பதில் தந்தார். அவரை நம்புங்கள். உங்களுக்கும் தருவார்.

இப்போது அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன், அதே திராட்சைத் தோட்டத்தில் வேலை. மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். பிறகு, "இப்ப எனக்கு வலிக்கலம்மா. ஒப்புக்கொடுக்க ஒண்ணும் இல்ல. நீ போயிர மாட்டியே?" என்று கேட்டாள்.

போக மாட்டேன் என்று சொன்னேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றும் பலத்தைத்தான் தினமும் கேட்கிறேன். எனக்காக நீங்களும் கேளுங்கள்.