இனிஷியல் இல்லாத இட்லிக் கொப்பரை

காலை ஆறரைக்கு மதுரையில் பஸ் ஏறினேன். வருஷம் அறுபத்தெட்டு. காரைக்குடி ஐம்பத்து மூன்று மைல், டிக்கெட் இரண்டு ரூபாய் பத்துப் பைசா. மடியில் எங்கள் மாதர் சங்கத்தில் தைத்த பாவாடை மூட்டை. கோட்டையூரில் நாற்பது வயது ஆச்சி ஒருவர், கணவர் போனபின், தம் பெரிய வீட்டில் இருபத்தாறு அநாதைப் பெண்பிள்ளைகளை வைத்து வளர்க்கிறார் என்று கேள்வி. பாவம், கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பத்தேகால் மணிக்கு டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போனால் முற்றத்தில் ஒரே வாக்குவாதம். நடுவில் ஒரு பித்தளை இட்லிக் கொப்பரை. அந்தப் பக்கத்தில் பாத்திரம் என்றால் குடும்பத்தின் மூன்று தலைமுறை இனிஷியலை வெட்டாமல் விடமாட்டார்கள், தானம் கொடுப்பதிலும்கூட. இதைக் கொடுத்த வீட்டின் கணக்கப்பிள்ளை வந்திருந்தார். இல்லத்தில் வளர்ந்த வள்ளி, வயது பத்தொன்பது, மறுநாள் காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை போடுகிறாள். ஆச்சி அவளுக்கு இந்தக் கொப்பரையைக் கொடுத்துவிட்டார். அதுதான் குற்றமாம். அப்பன் பேர் தெரியாதவள் தெருவில் அடுப்பு மூட்ட, அதில் முதலாளி வீட்டு எழுத்தா என்பது அவர் கேள்வி. சரி, அரத்தால் தேய்த்துவிடுகிறோம் என்றார் ஆச்சி. முன்னோர் பேரை அழிப்பது ஆகாதாம். கொப்பரை திரும்பாவிட்டால் மாதா மாதம் வரும் அரிசி நின்றுவிடும் என்றும் சொன்னார்.

இருபத்தாறு வயிறு! வள்ளிதான் கொப்பரையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"நீங்க சிரமப்படாதீக. நானே கொண்டாந்து தாரேன்" என்றாள்.

வண்டியில் ஏற்றலாம் என்று கணக்கப்பிள்ளை கெஞ்சியும் கேட்கவில்லை. நட்ட நடுப்பகலில், தெருவின் நடுவே நடந்தாள். நானும் ஆச்சியும் பின்னால். வீட்டுக்கு வீடு தலை நீட்டிக் கேட்டார்கள். வள்ளி நின்று, ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

"குடுத்ததத் திருப்பிக் கேட்டாக. குடுக்கப் போறேன்."

முதலாளி வீட்டை அடைவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. ஒருவரும் வெளியே வரவில்லை. வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினோம். அரிசி மூட்டை சாயங்காலமே வாய் பேசாமல் வந்து இறங்கியது.

ஆச்சி தம் கல்யாணச் சீர்க் கொப்பரையை எடுத்து நீட்டினார். அதிலும் எழுத்து இருந்தது. வள்ளி சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றுவிட்டாள். மறுநாள் காலை நாங்கள் மூவரும் காரைக்குடி போனோம். கடைத்தெருவில் தன் தையல் கூலியில் ஒரு அலுமினியக் கொப்பரை வாங்கிக்கொண்டு, பேர் வெட்டுகிறவர் முன் உட்கார்ந்தாள். இனிஷியல் என்ன என்று கேட்டார் அவர். இல்லை என்றாள். உளியைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார். நல்ல மனிதர்தான்.

"முன்னால இடம் விட்டு வெட்டுறேன் ஆத்தா. பின்னாடி கல்யாணம் காச்சின்னு வந்தா எழுத்துச் சேத்துக்கிறலாம்."

"இடம் விடாதீக அண்ணே. வெளிம்போட ஒட்டி வெட்டுங்க."

வெட்டினார். 'வள்ளி' என்ற மூன்றே எழுத்து, விளிம்பை இடித்துக்கொண்டு. அன்றைக்கு அவள் கடையில் முதல் ஈட்டிலேயே நான்கு இட்லி தின்றேன், நாற்பது பைசா. கையைக் கழுவியபோது மதுரை வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்தது. அண்டா முதல் கரண்டி வரை எல்லாவற்றிலும் மாமனார் பேர், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் பேர். இருபத்திரண்டு வருஷமாக விளக்கித் தேய்க்கிறவள் பேர் ஒரு டம்ளரில்கூடக் கிடையாது.

மதுரை பஸ் ஹாரன் அடித்தது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு பேர் வெட்டுகிறவரிடம் திரும்பிப் போனேன்.