பெரட்டில் யாரும் சிரிப்பதில்லை

பதினாறு வயதில் நான் களிமண்ணால் பதின்மூன்று பெண்களைச் செய்தேன். பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்பார்கள். ஒருத்தி மட்டும் வரிசையை விட்டு விலகி, வெறுங்கூடையோடு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை நோக்கித் திரும்பி நடப்பாள். அவள் என் அம்மா.

ஐம்பதுகளின் பிற்பாதி அது. பதுளையில் ஒரு பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி என்றால் பட்டம் கொடுக்கும் இடமல்ல. பெரிய வகுப்புச் சோதனை வரைக்கும் உள்ள பள்ளிக்கூடத்தைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள். எனக்கு ஊர் பூனாகலைக்கு மேலே ஒரு தோட்டம். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பதுளைக் கடைவீதியில் புடவைக்கடையொன்றில் நின்ற மாமாவின் வீட்டில் தங்கித்தான் நான் படித்தேன். வகுப்பில் லயத்திலிருந்து வந்தவள் நான் ஒருத்தியே. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மறக்கவும் விட்டதில்லை.

சித்திர ஆசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல கை அவருக்கு. அந்த வருடக் கண்காட்சிக்கு என்ன செய்வது என்று நாங்கள் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"பூவும் மலையும் கீறினது காணும் பிள்ளையள். உங்கட வீட்டில ஒவ்வொரு நாளும் நடக்கிறதைக் கீறுங்கோ. மனசில உள்ளதைக் கீறுங்கோ."

நான் அதை நம்பினேன்.

என் பக்கத்து இருக்கைத் தோழி, கச்சேரி என்று நாங்கள் சொல்லும் அரசாங்க அலுவலகத்தின் கிளாக்கரின் மகள். மூன்று வருடத்துக்கு ஓர் ஊர் என்று அப்பாவின் மாற்றத்தோடு அலைந்து வந்தவள். தன் அம்மா மழை ஜன்னலோரம் உட்கார்ந்து யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுதுவதை அவள் வரைந்தாள். அந்த அம்மாவின் தனிமை அப்படியே முகத்தில் இருந்தது. தூரிகையைப் பிடித்தால் அவளுக்கு இணை அந்தக் கல்லூரியில் இல்லை.

எனக்குத் தூரிகை வராது. மண் வரும். அதனால் பெரட்டைச் செய்வதென்று முடிவு செய்தேன். பெரட்டு என்பது விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் பதிந்து வேலைக்கு அனுப்புவது. நேரம் தப்பி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது தம்பிக்குக் கடுமையான காய்ச்சல். அவனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு அம்மா ஓடினாள். கடைசிப் பேர் பதிந்து முடிந்திருந்தது. "போ, நாளைக்கி வா" என்று, பேர் பதியும் கணக்கப்பிள்ளை கையை வீசினார். லயத்து வாசற்படியிலிருந்து எனக்கு அந்தக் கை தெரிந்தது. அம்மா கெஞ்சவில்லை, அழவில்லை. திரும்பி நடந்து வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, சட்டி கழுவத் தொடங்கினாள். அந்த நடையைத்தான் நான் மண்ணில் பிடிக்க நினைத்தேன்.

பதுளு ஓயாவின் கரையில் செங்கல் சூளைக்குப் பக்கத்திலிருந்து மண் எடுத்து வந்தோம். பாதிச் சுமையைச் சுமந்தவள் என் தோழி. காகிதத்தை ஊறவைத்து இடித்து மண்ணோடு பிசைந்தோம். ஆறு வாரம் ஆனது. வாயைக் கொண்டை ஊசியின் முனையால் ஒரே கோடாகக் கீறினேன். குளிரில் இறுகிய வாய் அப்படித்தான் இருக்கும். பெண்களுக்கு எதிரே, கையை வீசியபடி ஒரு கணக்கப்பிள்ளையையும் செய்து நிறுத்தினேன். திரும்பி நடப்பவளின் முதுகை மட்டும் நான்கு தடவை உடைத்துச் செய்தேன். வியாழக்கிழமை மண்டபத்தில் வைத்து, 'பெரட்டு' என்று சீட்டெழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்தபோது பதின்மூன்று பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சிவப்புச் சாயத்தில் உதடு. அதற்குள் வெள்ளையாகப் பல். கன்னத்தில் ரோசாப் பூச்சு. கணக்கப்பிள்ளையின் வீசிய கையை முறித்து, அதில் ஒரு பூங்கொத்தைச் செருகியிருந்தார்கள். சீட்டு மாறி, 'மகிழ்ச்சியான தோட்டம்' என்றிருந்தது. அம்மாவைத் தேடினேன். பாதையில் அவள் இல்லை. வரிசையின் கடைசியில், பதின்மூன்றாவதாக, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோட்டத்தில் கிடைக்காத அன்றைய வேலையை இங்கே கொடுத்துவிட்டார்கள்!

ஆசிரியையிடம் ஓடினேன். அவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இதென்ன பிள்ளை, எல்லாரும் செத்தவீட்டுக்குப் போற மாதிரி நிக்கினம்? இண்டைக்குத் துரைசாணி வந்து திறந்து வைக்கிறா. அவையின்ர தோட்டத்தைப் பற்றி இப்பிடி வைச்சா என்ன நினைப்பா?"

"நீங்கதானே டீச்சர் மனசுல உள்ளதச் செய்யச் சொன்னீங்க?"

"மனசில நல்லதும் இருக்கும்தானே. அதைச் செய்திருக்கலாம்."

பக்கத்துச் சுவரில் என் தோழியின் படம் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. அந்த அம்மாவின் தனிமையில் யாரும் கை வைக்கவில்லை. யாரும் அவளைச் சிரிக்கச் சொல்லவில்லை. முதற்பரிசுச் சீட்டும் அதன் கீழேயே இருந்தது. ஒரு வீட்டுத் துக்கம் கலை, இன்னொரு வீட்டுத் துக்கம் மரியாதைக் குறைவு. இதை யார் வகுத்தார்கள்?

அப்போதுதான் அந்தப் பற்களைக் கூர்ந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் கடுகளவு. அவ்வளவு சின்னதாக, பிசிறில்லாமல் கீறக்கூடிய கை அந்தக் கல்லூரியில் ஒன்றுதான்.

தோழி தூணோரம் நின்றாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"நீதானா?"

"டீச்சர்தான் பின்னேரம் மறிச்சு வைச்சுக் கீறச் சொன்னவ. நான் மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"வாயத் தொறந்து சொல்றது."

அவள் அழுதாள். நான் தேற்றவில்லை. அந்தச் சுமை மண்ணை என்னோடு சுமந்தவள் அவள். அந்தக் கோடுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று என் வாயால் கேட்டு அறிந்தவள். தெரியாதவர்கள் செய்திருந்தால் எனக்கு அவ்வளவு பற்றியிருக்காது.

துரைசாணி வந்தார். எங்கள் பக்கத்துப் பெரிய தோட்டமொன்றின் வெள்ளைக்காரத் துரையின் மனைவி. என் மேசை முன்னால் நின்று கை கொட்டினார். எவ்வளவு அழகு, எவ்வளவு சந்தோஷம் என்று இங்கிலீசில் சொன்னார். கண்காட்சி முடிந்ததும் தன் பங்களாவுக்கு வேண்டும் என்று கேட்டார். கல்லூரி அதிபர் சரியென்று தலையாட்டினார். செய்தவளை ஒருவரும் கேட்கவில்லை. நான் மூன்றடி தள்ளித்தான் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் பார்க்கும் நாள். கொழுந்து பறிப்பு இல்லாததால் அம்மா வந்தாள். பண்டாரவளை வந்து, பஸ் மாறி, கட்டிக் கசங்காத சேலையோடு இறங்கினாள். மண்டபத்தில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்ததைப் பார்த்துச் சிலர் வாயை மூடிச் சிரித்தார்கள். என் மேசை முன்னால் நெடுநேரம் குனிந்து பார்த்தாள்.

"இது எந்தத் தோட்டம் புள்ள?"

"நம்ம தோட்டந்தாம்மா. பெரட்டு."

"பெரட்டுல எவ இப்பிடிப் பல்லக் காட்டுறா?"

நடந்ததைச் சொன்னேன். வரிசையின் கடைசிப் பெண்ணைக் காட்டி, அவள் எங்கே நின்றாள், எதற்காக என்றும் சொன்னேன். அம்மா நிமிர்ந்தாள். முகம் இறுகியது. அந்தக் கோபம் என் மேல்தான் முதலில் வந்தது.

"என்னயத் திருப்பி அனுப்புனத ஊருக்கெல்லாம் காட்ட நீ யாரக் கேட்ட?"

துரைசாணி என்னைக் கேட்கவில்லை என்று இரண்டு நாளாகக் கொதித்துக்கொண்டிருந்தவள் நான். நானும் அம்மாவைக் கேட்கவில்லை.

"தப்புத்தாம்மா" என்றேன்.

அவள் மறுபடியும் மேசை மேல் குனிந்தாள். பிறகு, "செஞ்சது செஞ்சிட்ட. செஞ்சா நெசத்தச் செய்யணும்" என்று சொல்லி, அந்தப் பெண்ணைக் கையில் எடுத்தாள். முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து அந்தச் சிவப்பு வாயைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, முன்பு நான் வைத்திருந்த இடத்தில், லயத்துப் பாதையில் வைத்தாள்.

ஆசிரியை விரைந்து வந்தார். "ஐயோ, தொடாதேங்கோ! துரைசாணிக்குப் போற சாமான்."

அம்மா ஒதுங்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "டீச்சரம்மா, கருக்கல்ல குளுருல பேருக்காக நிக்கிறப்போ நீங்க சிரிப்பீங்களா?"

அந்த நேரத்தில் என் தோழி ஒரு ஜாம் டின்னில் தண்ணீரும் பஞ்சுமாக வந்தாள். யாரையும் பார்க்காமல் மேசை முன்னால் உட்கார்ந்து, தான் கீறிய பற்களை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினாள். பன்னிரண்டு முகம். ஆசிரியை இரண்டு தடவை அவள் பேரைச் சொல்லி அதட்டினார். அவள் எழும்பவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து டின்னைப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அதிபர் என்னை மட்டும் கூப்பிட்டார். ஒழுங்கு மீறியதற்கு மன்னிப்புக் கடிதம், பெற்றோர் கையொப்பத்தோடு. இல்லாவிட்டால் சித்திர வகுப்பு இல்லை. பன்னிரண்டு முகங்களைத் துடைத்தவளிடம் கடிதம் கேட்கவில்லை. அவள் தானாகவே அலுவலகத்துக்குப் போய், "நானும் எழுத வேணும்" என்று நின்றாள். கச்சேரிக் கிளாக்கரின் மகளை வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவள் திரும்பி வந்தபோது அவள் முகத்திலிருந்த அவமானத்தைப் பார்த்து என் கோபத்தில் ஒரு பங்கு இறங்கியது. ஒரு பங்குதான்.

கடிதத்தை நான் எழுதினேன். அதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாயிருக்கிறது. 'என் பிழையை உணர்கிறேன்' என்று நல்ல கையெழுத்தில் எழுதிக் கையொப்பமும் இட்டு ஊருக்கு எடுத்துப் போனேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பெருவிரல்தான் வைக்க வேண்டும். மையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன்.

"வாசி" என்றாள். வாசித்தேன்.

"சிரிக்காதவள சிரிக்கலன்னு சொன்னதுக்கு என்னாத்துக்கு மன்னிப்பு? நான் வெக்க மாட்டேன்."

"சித்திர வகுப்பு போயிரும்மா."

"போவட்டும். மண்ணு இங்கயுந்தான் கெடக்கு."

எனக்கு அப்போது அவள் மேலும் ஆத்திரம் வந்தது. வகுப்பை இழக்கப்போவது நான்தானே. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

கடிதம் போகவில்லை. என்னைத் தையல் வகுப்புக்கு மாற்றினார்கள். அந்த வாரமே ஆசிரியை தன் கையால் மறுபடியும் பதின்மூன்று வாய்களை வரைந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். என் தோழி மறுத்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. ஆசிரியையின் பற்கள் அவ்வளவு சின்னதாக வரவில்லை. அம்மாவைத் திரும்பவும் வரிசையில் நிறுத்தி, வைக்கோலில் சுற்றி, தோட்டத்து லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். அடுத்த பள்ளித் தவணையில் கச்சேரிக் கிளாக்கருக்கு மாற்றம் வந்து அந்தக் குடும்பம் மட்டக்களப்புக்குப் போனது.

தையல் வகுப்பில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, தலையணை உறையில் ரோசாப்பூ. ஊசியை ஏற்றி, பூவை விட்டுவிட்டு, அந்தத் துணியில் ஒரு கொழுந்துக் கூடையைத் தைத்தேன். தையல் ஆசிரியை அதைப் பிரித்துவிட்டுத் திரும்பவும் தைக்கச் சொன்னார். மறுநாளும் கூடையைத்தான் தைத்தேன்.