பார்க்கலாம் வேறு, பாத்துக்கலாம் வேறு

போன வாரம் திருச்சி பக்கம் துவாக்குடியில் ஒரு நல்ல ஆர்டர் கை நழுவப் பார்த்தது. காரணம்? ஒரே ஒரு வார்த்தை!

ஷாஹுல் என் கல்லூரித் தோழன். பாய்லர் பாகங்கள் செய்யும் சின்னத் தொழிற்சாலை வைத்திருக்கிறான். உள்ளூர் ஆர்டர்கள் குறைந்ததால் இரண்டாவது ஷெட்டை மூடிவிடலாமா என்ற யோசனையில் இருந்தான். ஆனால் அங்கே வேலை பார்ப்பவர்களை வீட்டுக்கு அனுப்ப மனசு வரவில்லை. அந்த நேரத்தில்தான் வியட்நாம் கம்பெனி ஒன்றின் கொள்முதல் மேலாளர், லான் என்ற பெண்மணி, ஹனோயிலிருந்து நேரில் பார்க்க வந்தார். "நீயும் வாடா, தைரியமா இருக்கும்" என்றான். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன்.

லான் ஒவ்வொரு வெல்டிங்கையும் டார்ச் அடித்துப் பார்த்தார். திருப்தி. கடைசியாக ஒரு கேள்வி கேட்டார் - மழைக்காலத்திலும் சொன்ன தேதிக்கு அனுப்புவீர்களா?

"பாத்துக்கலாம்னு சொல்லும்மா" என்றான் ஷாஹுல், மகள் ஆயிஷாவிடம். அவள்தான் மொழிபெயர்ப்பாளர்.

"வீ வில் ஸீ" என்றாள்.

லான் அழகாகச் சிரித்தார். கைகுலுக்கினார். காரைப் பார்த்து நடந்துவிட்டார்.

ஷாஹுல் முகம் மாறியது. "என்னம்மா சொன்னே? வேண்டாம்னு வாய்விட்டுச் சொல்ல முடியாதப்ப நாமளும் இப்படித்தானே சிரிப்போம்!"

"நீங்க சொன்னதைத்தான் சொன்னேன் அத்தா..."

யோசித்துப் பாருங்கள். பெண் பார்க்க வந்தவர்கள் 'பார்க்கலாம்' என்று சொல்லிக் கிளம்பினால் அந்த வரன் அவ்வளவுதான். 'பாத்துக்கலாம்' என்றால்? தலையை அடகு வைத்தாவது முடித்துக் கொடுப்பேன் என்று அர்த்தம். பாவம், இங்கிலீஷுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஷாஹுல் ஓடினான். அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு! கார்க் கண்ணாடியைத் தட்டி, "மேடம்! நோ ஸீ... டூ! வீ டூ!" என்றான்.

லான் திகைத்தார். ஆயிஷா மூச்சிரைக்க வந்து விளக்கியதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எங்கள் ஊரிலும் 'பார்க்கலாம்' என்றால் முடியாது என்றுதான் அர்த்தம்" என்றார். ஆர்டர் கிடைத்தது. ஷெட் மூடப்படவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இது ஆசியாவின் நூற்றாண்டு என்று டிவியில் கோட்டு போட்டவர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எனக்கு அது புரிந்தது துவாக்குடியில்தான். வாங்குவது ஹனோய், விற்பது திருச்சி. நடுவில் லண்டனும் இல்லை, நியூயார்க்கும் இல்லை. இங்கிலீஷ் மட்டும்தான் நின்றது - அதுவும் காலை வாரிவிட்டது! உலக மேஜையில் நாற்காலி கேட்டபோதெல்லாம் நமக்குப் 'பார்க்கலாம்' சொன்னார்கள். இப்போது நாமே மேஜை போடுகிறோம்.

ஒரு பயமும் உண்டு. இந்தியாவோ சீனாவோ, பெரிய ஆளான பிறகு பக்கத்துச் சின்ன நாடுகளிடம் அதே தோரணையைக் காட்டினால்? அண்டை வீட்டுக்காரன் பயப்படாமல் கதவைத் தட்ட வேண்டும். வளர்ந்தவனுக்கு அதுதானே அழகு?

ஷாஹுல் இப்போது வியட்நாம் மொழி படிக்கிறான். அதில் மரியாதையாக 'ஆமாம்' சொல்ல, ஏறக்குறைய 'வாங்' என்கிற மாதிரி ஒரு வார்த்தையாம்.

ஒரு 'க' சேர்த்தால் போதும்... திருச்சி வந்துவிடுகிறது!