செலக்டர் சாரின் தேசிய அணி

பேனாவின் மூடியைக் கழற்றி, அதிலிருக்கும் கொக்கியை வலது காதுக்குள் விடுவார் அத்தான். மெதுவாக ஒரு சுற்று. இடக்கண் தானாக மூடிக்கொள்ளும். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். பிறகு வெளியே எடுத்து, வந்த சரக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மேசையின் அடிப்பக்கத்தில் துடைப்பார். மூடியைப் பேனாவில் மாட்டிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்துவார். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு.

"ஏழாம் நம்பரைத் தூக்கணும். காலே இல்ல அவனுக்கு."

நாட்டின் ரக்பி அணியில் ஏழாம் நம்பர் சட்டை போட்ட அந்த ஆளுக்கு இரண்டு கால்களும் இருந்தன. தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அத்தான் என் அக்காவின் கணவர். பஸ் டிப்போவில் பணிப்பட்டியல் போடுகிற வேலை: எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எந்த ஷிஃப்ட், யாருக்கு விடுப்பு. நான் அதே டிப்போவின் உதிரிபாகக் கிடங்கில் இருந்தேன். அவர் அறைக்கும் கிடங்குக்கும் நடுவே கம்பி வலை மட்டும்தான். சாயங்காலமானால் அவர் வீட்டு மாடியறையில்தான் என் வாசம். ஆக, காதை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அங்கே அத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் அறையின் ஒரு சுவர் முழுக்க மரப்பலகை. பலகை நிறைய ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் ஒரு டிரைவரின் பெயர் எழுதிய தகரத் தகடு. தகட்டை எந்த ஆணியில் மாட்டுகிறாரோ அந்த வண்டியில் அந்த ஆள் ஏற வேண்டும். இதைத் தவறில்லாமல் செய்யப் பெரிய மூளை வேண்டியதில்லை. கொஞ்சம் கவனம் போதும். அந்தக் கொஞ்சம் அவரிடம் இல்லை. ஒரு முறை ஒரே டிரைவருக்கு இரண்டு தகடு எழுதி, ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளுக்குப் போட்டுவிட்டார். அந்த ஆள் கம்பி வலைக்கு முன்னால் வந்து நின்று, "சார், இடுப்புக்கு மேல எந்த பஸ்ல ஏறணும், இடுப்புக்குக் கீழ எந்த பஸ்ல ஏறணும்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார். இன்னொரு முறை ஓய்வு பெற்றுப் போனவருக்கு ஒரு வாரம் முழுக்கக் காலை ஷிஃப்ட். வரவில்லை என்று வீட்டுக்கு ஆள் வேறு அனுப்பினார்.

இப்படி ஒரு டிப்போவின் டிரைவர்களைச் சரியான வண்டியில் ஏற்றத் தெரியாதவர்தான், நாட்டுக்குப் பதினைந்து ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக் கொடுக்கத் துடித்தார். டிப்போவில் அவரைச் 'செலக்டர் சார்' என்று முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். கிண்டல் என்று அவருக்குப் படவே இல்லை. பட்டம் கிடைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பந்தைத் தொட்டவரா என்றால், அதுவும் இல்லை. டிப்போ பையன்கள் மதியவேளையில் முற்றத்தில் வீசி விளையாடிய பந்து ஒரு நாள் அவர் அறைக்குள் உருண்டு வந்தது. மேசைக்கடியில் செத்த எலியைக் கண்டவர் போலக் காலை மேலே தூக்கிக்கொண்டு, அடிக்கோலால் அதை வெளியே தள்ளினார். தள்ளிய கையோடு, "பந்து வீசற கோணமே தப்பு" என்றும் சொன்னார்.

விவாதமெல்லாம் கேன்டீனில் நடக்கும். நீள மேசையின் தலைமாட்டில் அத்தான். எதிரே தலைமை மெக்கானிக், பக்கத்தில் கண்டக்டர் அக்கா. மற்றவர்கள் வருவார்கள், சிரிப்பார்கள், போவார்கள்.

"செலக்டர் சார், இன்னிக்கு யாரு உள்ள, யாரு வெளிய?" என்று மெக்கானிக் திரியைக் கொளுத்துவார்.

"முன்வரிசை மூணு பேரும் வெளிய. கழுத்தைப் பாத்தீங்களா? ஸ்க்ரம்ல முட்டித் தள்ற கழுத்தா அது? மாலை போட்டாக்கூடத் தாங்காது."

"போன வாரம் அதே கழுத்தைத்தானே சார் இரும்புன்னு சொன்னீங்க?"

"போன வாரம் ஜெயிச்சாங்க."

"அப்போ ஜெயிச்சா இரும்பு, தோத்தா வாழைத்தண்டா?"

"இதெல்லாம் உனக்குப் புரியாது. நான் அப்பவே சொன்னேன்."

அவர் எல்லாவற்றையும் அப்பவே சொல்லியிருந்தார். எல்லா ஆட்டக்காரரைப் பற்றியும் நல்லதும் கெட்டதும் முறை வைத்துச் சொல்லிவிட்டதால், எது நடந்தாலும் அவர் சொன்னதுதான் நடந்தது. தேர்வுக் குழுவிலிருந்தவர்களை ஒருவர் விடாமல் "தண்டம்" என்றார். பயிற்சியாளர் "தண்டத்துக்குத் தம்பி".

கண்டக்டர் அக்கா தட்டைக் கழுவ எழுந்தபடியே சொல்வார்: "நாட்டுக்கு அப்புறம் ஆள் எடுக்கலாம் சார். என் ஞாயித்துக்கிழமை லீவை முதல்ல எடுத்துக் குடுங்க."

வீட்டில் அக்கா இன்னும் கறார். "பதினஞ்சு ஆம்பளைக்கு இடம் தேடி அலையுறீங்களே, நம்ம பொண்ணுக்கு ஸ்கூல்ல இடம் கேட்டுட்டு வரச் சொன்னேனே, என்னாச்சு?"

"அது வேற டிபார்ட்மென்ட்" என்றார் அத்தான். இப்படிச் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகச் சாப்பிட்டதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

இதையெல்லாம் வெறும் சவடால் என்று விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் டிப்போவில் உண்மையாகவே ஒரு ஆட்டக்காரன் இருந்தான். அவனைக் கொக்கு என்று கூப்பிடுவோம். ஆஸ்பத்திரி ரூட்டில் பஸ் ஓட்டுபவன். இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளினாலும் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும் உயரம். ரக்பியில் பந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டால், இரண்டு அணிகளும் அக்கம்பக்கமாக வரிசை கட்டி நிற்கும். நடுவே எறியப்படும் பந்தை ஒருவன் எம்பிப் பிடிக்க வேண்டும், கூட்டாளிகள் அவன் தொடையைப் பற்றி மேலே தூக்கிவிடுவார்கள். கொக்கு அதற்கென்றே செய்து அனுப்பப்பட்டவன். அவன் மேலே போய் நிற்கும் அந்தக் கணத்தில் மைதானமே அவனுக்குக் கீழே கொஞ்சம் காத்திருக்கும்.

பல வருடங்களாக நகரத்துக் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தான். தேசிய அணியின் வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பியிருந்தான். இந்த முறை வெளிநாட்டுச் சுற்றுப்பயணம், ஆறு வாரம். ஒரு நாள் வைப்பர் கட்டை வாங்கக் கிடங்கு ஜன்னலுக்கு வந்தவன், நான் எதுவும் கேட்காமலே சொன்னான்:

"இந்தத் தடவை இல்லன்னா இனிமே இல்லப்பா. அடுத்த டூர் வர்றதுக்குள்ள என் முட்டி ரிட்டயர் ஆயிடும்."

அத்தானுக்குக் கொக்கு கிடைத்தது பெரும் வசதியாகப் போயிற்று. தன்னுடைய கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினார். "நாலாம் நம்பர் கொக்குக்கு. அதுல பேச்சே இல்ல" என்பார், பிறகு அதைப் பற்றியே மதியம் முழுக்கப் பேசுவார். கொக்கு கேன்டீனுக்குள் வந்தால் எழுந்து நின்று, எப்படி எம்ப வேண்டும் என்று கையைத் தூக்கிக் காட்டுவார். அவர் தூக்கிய கை கொக்குவின் தோளுக்கு வரும். அவனும் தலையாட்டிக்கொண்டு கேட்பான். அவனிடம் இருந்த ஒரே குறை, எல்லோரிடமும் மரியாதையாக இருந்ததுதான்.

கடைசிப் பயிற்சி ஆட்டத்தில் கொக்கு நன்றாக ஆடினான். அத்தான் மட்டுமல்ல, விஷயம் தெரிந்தவர்களும் இந்த முறை அவனுக்கு இடம் நிச்சயம் என்றார்கள்.

அணியை அறிவித்த அன்று கேன்டீன் நிரம்பி வழிந்தது. அத்தான் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், அறிவிப்பதே தான்தான் என்பது போல நின்றிருந்தார். கொக்கு பின்னால் சுவரோரமாக, கையில் டீ கிளாஸ். பெயர்கள் வரிசையாக வந்தன. கொக்கு ஆட வேண்டிய இடத்தில் ஒரு போலீஸ்காரனின் பெயரைப் படித்தார்கள். மாற்று ஆட்டக்காரர்களிலும் இவன் இல்லை. செய்தி படிப்பவள் சிரித்துவிட்டு வானிலைக்குப் போய்விட்டாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எல்லோரும் பாடுபட்டது தெரிந்தது. கொக்கு டீயை முழுக்கக் குடித்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "என் வண்டிக்கு நேரமாச்சு" என்றான். கிடங்கு வாசலிலிருந்து பார்த்தேன். இருக்கையில் உட்கார்ந்து, சரியாகவே இருந்த கண்ணாடியைத் திருப்பினான்; மறுபடி திருப்பிப் பழையபடி வைத்தான். பிறகு கியரைப் போட்டான்.

அடுத்த சில வாரங்கள் அத்தானுக்குப் பொற்காலம்.

"சிபாரிசு! போலீஸ்காரன்னா பயம்! தண்டப் பசங்க, பந்துக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதவனுங்க!" என்று கேன்டீன் அதிரக் கத்தினார். டிப்போ வாசலில் கண்டனப் பதாகை கட்டினார். அது கட்டிய அன்று மூன்று வண்டிகளுக்கு டிரைவர் போட மறந்திருந்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம் எடுத்தார். கொக்குவின் தோளில் கைபோட்டு நிற்க அத்தானுக்கு ஆசை, எட்டவில்லை. முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். படத்தில் யாருக்கு அநியாயம் நடந்தது என்று ஆள் தெரியாதவர்களிடம் கேட்டால், எவனும் அத்தானைத்தான் காட்டுவான். முகத்தில் அவ்வளவு துயரம், தலையில் அவ்வளவு எண்ணெய்.

ஒரு சாயங்காலம் கொக்கு பழப்பையோடு வீட்டுக்கே வந்தான். நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"எனக்காக நீங்க ஒருத்தர்தான் சார் வாயைத் திறந்து பேசினீங்க" என்றான்.

"என்னால முடிஞ்சது அவ்வளவுதான் தம்பி" என்றார் அத்தான். சொல்லிவிட்டுச் சட்டென்று எழுந்து, தண்ணீர் குடிக்க உள்ளே போனார். அடக்கம் என்று அக்காகூட நம்பினாள். அவன் போன பிறகு, "ஏதோ இவர் பேச்சும் ஒருத்தனுக்கு ஆறுதலா இருந்திருக்கு" என்று என்னிடம் சொன்னாள். திருமணமான இத்தனை வருடத்தில் அவள் அவரைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

அணி வெளிநாடு போனது. வரிசை கட்டிப் பந்து பிடிக்கிற இடத்திலெல்லாம் கோட்டைவிட்டது. எல்லா ஆட்டத்திலும் உதை வாங்கியது. நாடு தோற்றதற்கு இவ்வளவு பூரிப்படைந்த ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. "அப்பவே சொன்னேன்" என்றார். கொக்கு அந்தப் பருவத்தோடு விளையாட்டை நிறுத்திக்கொண்டான். ஆஸ்பத்திரி ரூட் மட்டும் மிஞ்சியது.

அடுத்த வருடம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. கொக்கு சொன்னான், மறுபடியும் அந்தக் கிடங்கு ஜன்னலில், ஒரு ஃபேன் பெல்ட்டுக்காகக் காத்திருந்தபோது. ஏதோ ஒரு கிளப் ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் தேசிய அணியின் நிர்வாகி அவனிடம் பேசியிருக்கிறார். "உங்களைத்தான் முதல்ல வெச்சிருந்தோம். உங்க டிப்போதான் விடல" என்றாராம்.

அணியை அறிவிப்பதற்கு முன், வேலைக்குப் போகிற ஆட்டக்காரர்கள் எல்லோருடைய அலுவலகத்துக்கும் அவர்கள் போன் போட்டிருக்கிறார்கள். ஒரே கேள்விதான்: ஆறு வாரம் ஆளை விடுவீர்களா, மாட்டீர்களா? போலீஸ்காரனின் மேலதிகாரி "விடறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். எங்கள் டிப்போவில் எடுத்தது அத்தான். கொக்கு தேர்வானால் விடுப்புக் கொடுக்கலாம் என்று டிப்போ மேனேஜர் அவரிடம் முன்பே சொல்லியிருந்தார். அதைச் சொன்னால் முடிந்தது. ஆனால் தேர்வுக் குழுவுக்காகப் பேசுகிறோம் என்று அந்தப் பக்கத்துக் குரல் சொன்னதுமே, இவர் முன்வரிசையிலிருந்து ஆரம்பித்துவிட்டார். நிர்வாகி குறுக்கிட்டுக் குறுக்கிட்டு விடுப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "அதுக்கு வர்றேன், அதுக்கு வர்றேன்" என்று சொல்லிக் கேப்டனின் வயதுக்குப் போனாராம் அத்தான். அங்கிருந்து பயிற்சியாளருக்கு என்னென்ன தெரியாது என்பதற்கு. கடைசியில் அந்தப் பக்கத்தில், இந்த டிப்போ ஆளை விடுவதாக இல்லை என்று முடிவுகட்டிப் போனை வைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

இந்தப் போனைப் பற்றி அத்தான் கேன்டீனில் மூச்சுவிடவில்லை, வீட்டிலும் விடவில்லை. வாழ்நாளில் அவர் தனக்குள்ளேயே வைத்துக்கொண்ட பேச்சு அது ஒன்றுதான்.

அந்தப் போனில் நாலாம் நம்பர் வந்தபோது கொக்குவைப் புகழ்ந்துதான் பேசினாராம்.